பின்னணி இசை எங்கே ஒதுங்க வேண்டும்? படங்களும் தொடர்களும் குறித்து ஒரு விவாதம்

கடைசிவரிசை எழுதியது:

அண்மைக் காலப் படங்களையும் இணையத் தொடர்களையும் பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப ஏற்படும் ஒரு மனக்குறையை இங்கே வைக்கிறேன். நடிகரின் முகத்தில் துயரம் படிவதற்கு முன்பே வயலின்கள் அழத் தொடங்கிவிடுகின்றன. கதாநாயகன் கதவைத் திறப்பதற்குள் அரங்கின் கூரை அதிர்கிறது. வசனம் நல்ல வசனமா, நடிப்பு நல்ல நடிப்பா என்று நாமாகத் தீர்மானிப்பதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

இந்த எண்ணத்தோடு பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை மறுபடியும் பார்த்தேன். அதில் பாடல்கள் கிடையாது. நிலம், கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சிமென்ட், செங்கல் என்று நடுத்தரக் குடும்பத்தின் கணக்குவழக்குகளே கதை. கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்க்கச் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா தனியே வருகிறார். பூசாத சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே அறை அறையாக நடக்கிறார். தம் மகிழ்ச்சியைச் சொல்வதற்கு அவருக்கு அங்கே ஆள் இல்லை. அந்த இடத்தில் இசை நுழையும்போது, அது நம்மை அழச் சொல்வதாகவோ சிரிக்கச் சொல்வதாகவோ தோன்றவில்லை. அவர் பேசியிருக்கக்கூடியதை அது பேசுவதாகவே தோன்றுகிறது. படம் அதுவரை இசையைச் சிக்கனமாகக் கையாண்டதால்தான் அந்தச் சில நிமிடங்களுக்கு அத்தனை வலு கிடைக்கிறது என்பது என் கருத்து.

இசை ஒதுங்கி நின்றதால் உயர்ந்ததாக நீங்கள் கருதும் படத்தையோ தொடரையோ காரணத்தோடு எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

நாதப்பிரியன் எழுதியது:

மாற்றுக் கருத்து நிறையவே இருக்கிறது. ‘வீடு’ படத்தின் இசை அந்தப் படத்துக்காக இயற்றப்பட்டதே அன்று. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தனி இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. ஆகவே தாத்தாவுக்காக இசை பேசியது என்பதைவிட, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த இசையின் நடுவே இயக்குநர் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதே பொருத்தம். அதை இயக்குநரின் தேர்வுத் திறனுக்குச் சான்றாக ஏற்றுக்கொள்கிறேன். இசையின் அடக்கத்துக்குச் சான்றாக ஏற்க மாட்டேன்.

பாடல் இல்லை என்பதையே தகுதியாகக் கருதும் போக்கு நம்மிடையே வெகுநாளாக இருக்கிறது. ‘அந்த நாள்’ (1954) பாடல் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்று எல்லாரும் சொல்வோம். அதை இயக்கிய எஸ். பாலச்சந்தர் வீணை வித்துவான் என்பதை மட்டும் ஏனோ அப்போது சேர்த்துச் சொல்வதில்லை. இசையை உயிராகக் கொண்ட ஒருவர், ஒரு கொலையைப் பலர் பலவிதமாக விவரிக்கும் அந்தக் கதைக்குப் பாட்டு தடையாகும் என்று கணித்து விலக்கினார். அது அந்தக் கதைக்கான முடிவு; எல்லாக் கதைகளுக்குமான விதியன்று.

எதிர்ப்பக்கத்தில் ‘குணா’ (1991) படத்தின் ‘கண்மணி அன்போடு’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத குணா ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அவன் கடத்திவந்த பெண் அதை எழுதிப் பாட்டாகத் திருப்பிப் படிக்கிறாள். அவன் பேசுவது உரைநடை. அவள் வாயில் அதுவே பாட்டாகிறது. இடையிடையே அவன் தடுமாறுகிறான், சிரிக்கிறான், காயத்தைக் காட்டுகிறான், மறுபடியும் சொல்கிறான். கதை நின்று பாட்டு தொடங்கும் கோடு எங்கே என்று சுட்டிக்காட்ட முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு ஒதுங்கியிருந்தால் அந்தப் பெண்ணின் மனமாற்றத்தை நாம் நம்பியிருக்கவே மாட்டோம்.

‘மௌன ராகம்’ (1986) இன்னொரு வகை. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் பேசாமல் நடமாடுகிறார்கள். அந்த வீட்டுக் காட்சிகளில் இசையை அணைத்துவிட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்ட இருவரைத்தான் காண்பீர்கள். இசையோடு பார்த்தால், பேச விரும்பியும் பேசாத இருவர் தெரிகிறார்கள். இசை நமக்கு உணர்த்துவது குற்றம் என்றால் இந்தப் படத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவீர்கள்?

எட்டரைமணி எழுதியது:

நீங்கள் இருவரும் திரைப்படங்களோடு நின்றுவிட்டீர்கள். தொலைக்காட்சியை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்று கருதுகிறேன். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் பின்னணி இசையை நாள்தோறும் கேட்டது அங்கேதான்.

மாமியார் திரும்பிப் பார்ப்பதற்கு மூன்று முறை இடி இடிப்பதைக் கேலி செய்வது எளிது. ஆனால் அந்த இடி யாருக்காக இடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். திரையரங்கில் இருட்டில் நம்மை உட்கார வைத்து, வேறெதையும் பார்க்க முடியாதபடி செய்துவிடுகிறார்கள். நெடுந்தொடர் பார்ப்பவரோ அடுத்த அறையில் வேலையாக இருக்கிறார், பிள்ளைக்குப் பதில் சொல்கிறார், தொலைபேசியில் பேசுகிறார். அவருக்குத் தொடர் பாதி வானொலி நாடகம். முக்கியமான காட்சி வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று அவரைக் கூப்பிடுவதே அந்த இசையின் வேலை. கூப்பிடும் குரல் உரக்கத்தான் இருக்கும். அதோடு, நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாக இசையமைக்க நேரம் ஏது? சோகத்துக்கு ஒன்று, சூழ்ச்சிக்கு ஒன்று, சமரசத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த துண்டுகளைத் தொகுப்பாளர் எடுத்து ஒட்டுகிறார். அந்த ஒட்டுதல் அலுப்பூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. அதற்கான காரணம் ரசனைக்குறைவு மட்டுமன்று என்கிறேன்.

தலைப்புப் பாடல்கள் வேறு கதை. ‘சித்தி’யின் ‘கண்ணின் மணி’யும் ‘மெட்டி ஒலி’யின் ‘அம்மி அம்மி’யும் நித்யஸ்ரீ மகாதேவன் குரலில், தினா இசையில் வந்தவை. கருநாடக இசை மேடையில் பெயர் பெற்ற குரலைக் குடும்பத் தொடரின் வாசலில் நிறுத்தியது துணிச்சலான முடிவு. படத்தின் பாட்டை நாம் விரும்பும்போது தேடிக் கேட்கிறோம். இந்தப் பாட்டுகள் வாரநாள்தோறும், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதே நேரத்தில் வந்து நின்றன. அதற்கும் முன்னால் தூர்தர்ஷனில் கே. பாலசந்தரின் ‘ரயில் சினேகம்’ தொடரில் வி.எஸ். நரசிம்மன் இசையமைத்த ‘இந்த வீணைக்குத் தெரியாது’ பாடலை நினைத்துப் பாருங்கள். கதை மறந்துபோனவர்களுக்கும் பாட்டு மறக்கவில்லை. நாதப்பிரியன் அவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: நீங்கள் குறிப்பிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்தவரும் அதே நரசிம்மன்தான்.

இன்றைய இணையத் தொடர்களில் தலைப்பிசையைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானை வைத்துவிட்டார்கள். பகுதிகளை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அது வசதி என்பது உண்மை. ஆனால் ஒரு தொடருக்குள் நுழைவதற்கு முன் காதைத் தயார்செய்துகொள்ளும் அந்த ஒரு நிமிடம் போய்விட்டது. எல். வைத்தியநாதன் இசையமைத்த ‘மால்குடி டேஸ்’ தலைப்பிசைக்கு அப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால், இன்றைக்கு அதை முணுமுணுக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கடைசிவரிசை எழுதியது:

எட்டரைமணி அவர்களின் வானொலி விளக்கம் நெடுந்தொடர்களுக்குப் பொருந்தலாம். என் குறையே, கூப்பிட வேண்டிய தேவை இல்லாத இடத்திலும் கூப்பிடுகிறார்கள் என்பதுதான். செவிப்பானை மாட்டிக்கொண்டு, திரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவனிடம் ஏன் கத்த வேண்டும்? ‘சுழல்’ (2022) தொடரின் முதல் பருவத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா கதையோடு கூடவே நடக்கிறது. அங்கே மேளச் சத்தம் கதைக்குள்ளிருந்தே எழுகிறது. தெருவில் உண்மையாகவே அடிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது யாரும் என்னை வழிநடத்துவதாகத் தோன்றுவதில்லை. அதே தொடரில் திருவிழாவை விட்டுக் காவல் நிலையத்துக்குள் போனதும் பின்னணி இசை வழக்கமான மர்மக் கதை இசையாகிவிடுவதாக எனக்குப் பட்டது.

‘மௌன ராகம்’ குறித்து நாதப்பிரியன் சொன்னதை ஏற்கிறேன். அதை எந்தக் கூண்டிலும் ஏற்ற வேண்டியதில்லை. அங்கே இசை அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது, நம் தோளைப் பிடித்து உலுக்கவில்லை.

கலவைமேசை எழுதியது:

ஒலிக்கலவைப் பணியில் இருப்பவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ரசனை பற்றிய பேச்சாக நீங்கள் நடத்தும் இந்த விவாதத்தில் பாதி, வேலை முறை பற்றியது.

முன்பு ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்) எனப்படும் பின்னணி இசைப்பதிவு ரீல் ரீலாக நடந்தது. 1000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இசையமைப்பாளர் அதைத் திரையில் பார்த்துவிட்டு, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொண்டு, இசைக்குறிப்பை எழுதிக் கொடுத்து, எல்லாக் கலைஞர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து வாசிக்கச் செய்வார். வாசித்த பிறகு மாற்ற வேண்டும் என்றால் அத்தனை பேரும் மறுபடியும் வாசிக்க வேண்டும். ஆகவே இசை வேண்டாத இடம் எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடமாகக் கணினியில் வருகிறது. எதையும் கடைசி இரவு வரை ஒத்திப்போடலாம். எனவே எதுவும் விலக்கப்படுவதில்லை. கலவை நடக்கும்போது இயக்குநர், தயாரிப்பாளர், விநியோகம் தொடர்பானவர் என்று யார் உள்ளே வந்தாலும், ‘இங்கே கொஞ்சம் தூக்குங்கள்’ என்றுதான் சொல்வார்கள். குறைக்கச் சொல்பவர் அரிது.

இரண்டாவது, தற்காலிக இசை. படத்தொகுப்பின்போது வேறொரு படத்தின் இசையைப் போட்டு வெட்டுகிறார்கள். மாதக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிய இயக்குநருக்கு, அது இல்லாமல் காட்சி நிற்காது என்ற பயம் வந்துவிடுகிறது. இசையமைப்பாளர் வந்து சேரும்போது அவரிடம் கேட்கப்படுவது புதிய இசையன்று, அந்தப் பழைய இசையின் சாயல்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். நம் படங்களில் நெடுங்காலமாக வசனம் டப்பிங் கூடத்தில் பதிவாகிறது. படப்பிடிப்பு இடத்தின் மூச்சு, காலடி, துணி உரசல், தூரத்து வாகனம் எல்லாம் அதில் அழிந்துபோகின்றன. அவற்றை ஃபோலி (காலடி போன்ற அசைவொலிகள்), ஆம்பியன்ஸ் (சூழலொலி) என்று பின்னால் சேர்க்கிறோம். அதற்கு ஒதுக்கும் நாட்கள் மிகக் குறைவு. இப்படி வெறுமையாக்கிய காட்சியில் இசையை நிறுத்தினால் கேட்பது அமைதியன்று, பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வயலின்கள் வருகின்றன. ‘இசை ஏன் ஒதுங்கவில்லை’ என்று கேட்பவர்கள், ஒதுங்கினால் அந்த இடத்தில் வேறு என்ன ஒலி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) அந்தக் கேள்விக்கு விடை சொன்ன படம். மீனா என்னும் பெண்ணையும் ஒரு சேவலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தார் போகும் பயணமே கதை. பின்னணி இசையே இல்லை. வழியை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கும் காட்சியைப் பாருங்கள். வண்டிகள் நிற்கின்றன, வீராப்பாக வந்த ஆண்கள் கிட்டே போகத் தயங்குகிறார்கள், கடைசியில் ஒரு சிறுமி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். வழக்கமான படமாக இருந்தால் காளைக்கு ஒரு முழக்கம், தயக்கத்துக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கு, சிறுமிக்கு ஒரு புல்லாங்குழல் என்று மூன்று இசைத் துண்டுகள் அங்கே வந்திருக்கும். மூன்றும் இல்லாததால் அந்தக் காட்சி கேலியா, கவலையா, கண்டனமா என்று பார்ப்பவரே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பழையரீல் எழுதியது:

கதைக்குள்ளிருந்து எழும் இசை என்று கடைசிவரிசை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இப்போது பெருகிவரும் பழைய பாட்டுப் பயன்பாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ‘விக்ரம்’ (2022) படத்தில் 1995இல் வந்த ‘அசுரன்’ படத்தின் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ ஒலித்தது. ‘லியோ’ (2023) படத்தில் ‘கரு கரு கருப்பாயி’ ஒலித்தது. அரங்கமே துள்ளியது. ஆதித்யன் இசையமைத்த ‘சக்கு சக்கு’ பாட்டைப் புதிய தலைமுறை தேடிக் கேட்டது நல்லதே. ஆனால் அந்தப் பாட்டுக்கும் அந்தக் கதைக்கும் என்ன உறவு? அடிதடிக்கு நடுவே ஒரு குறும்பு, அவ்வளவுதான். நம் இளமைக்கால நினைவைக் கடன் வாங்கி அவர்கள் காட்சியில் செலவழிக்கிறார்கள்.

‘96’ (2018) அப்படியன்று. பள்ளிக்காலம் முழுவதும் நாயகன் கேட்டும் நாயகி பாடாத பாட்டு ‘யமுனை ஆற்றிலே’. ‘தளபதி’யில் (1991) வந்த மிகச் சிறிய பாட்டு. இத்தனை ஆண்டுகள் கழித்து, அவன் வீட்டில் மின்சாரம் போன நேரத்தில், வாத்தியம் எதுவும் இல்லாமல் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். விளக்கைத் தேடி அவன் தட்டுத்தடுமாறி ஓடிவருகிறான். வெறும் குரல்தான். கோவிந்த் வசந்தா அந்த இடத்தில் தம் இசையை உள்ளே விடாமல் நிறுத்திக்கொண்டது பெரிய பண்பு. தம்முடைய படத்தின் உச்சத்தை வேறொருவர் பாட்டுக்கு விட்டுக்கொடுப்பது எந்த இசையமைப்பாளருக்கும் எளிதாக இருந்திருக்காது.

நாதப்பிரியன் சொன்ன ‘கண்மணி அன்போடு’ மலையாளத்தில் ‘மஞ்சும்மெல் பாய்ஸ்’ (2024) படத்தில் திரும்ப வந்ததும் இந்த வகைதான். ‘குணா’ படம்பிடிக்கப்பட்டதால் பெயர் பெற்ற குகையைப் பார்க்கத்தான் அந்த நண்பர்கள் போகிறார்கள். அந்தக் குகைக்குள்தான் ஒருவன் விழுகிறான். பாட்டு அவர்கள் பயணத்திலேயே இருக்கிறது. எனவே முடிவில் அது உரக்க ஒலிக்கும்போதும் திணித்ததாகத் தோன்றவில்லை. உரக்க ஒலிப்பது தவறன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

இளையராஜாவா, ரஹ்மானா, அனிருத்தா என்று தொடங்கிய ஆறு பதிவுகளை அவற்றுக்குரிய பழைய இழைக்கு மாற்றியிருக்கிறேன். அந்தச் சண்டையை அங்கேயே நடத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நாதப்பிரியன் எழுதியது:

பழையரீல் அவர்களோடு ‘96’ வரை உடன்படுகிறேன். ‘விக்ரம்’ பற்றிய கண்டிப்பு தேவையில்லை. குறும்பும் திரைப்படத்தின் வேலைகளில் ஒன்றுதான்.

கலவைமேசை அவர்கள் தற்காலிக இசையைக் குறை சொன்னார். அதற்கு நேர்மாறான ஒரு கதை ‘ஹே ராம்’ (2000) படத்துக்கு உண்டு. முதலில் வயலின் மேதை எல். சுப்ரமணியம் இசையமைத்த பாடல்களுக்குப் படப்பிடிப்பும் நடந்துவிட்டது. பிறகு இளையராஜா வந்தபோது, ஏற்கெனவே எடுத்த காட்சிகளின் உதட்டசைவுக்கும் வெட்டுகளுக்கும் பொருந்தும்படி புதிய பாடல்களை அமைத்தார். முன்னிருந்த இசையின் சாயலைக் கேட்காமல், அந்த இசை விட்டுச்சென்ற அளவுகளுக்குள் வேறொரு இசையை உட்கார வைத்தார். படம் பார்க்கும்போது அந்த ஒட்டு எங்கும் தெரிவதில்லை. கட்டுப்பாடு கூடினால் இசை மேம்படும் என்ற உங்கள் ரீல் காலத்து வாதத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுப்ரமணியத்தின் அண்ணன்தான் எட்டரைமணி குறிப்பிட்ட எல். வைத்தியநாதன். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987) அவர் இசையமைத்தது. பேச்சு இல்லாத படத்தில் இசையமைப்பாளருக்குப் புகுந்து விளையாட வெளி கிடைக்கிறது. அவரோ தெருச் சத்தத்துக்கும் அறைச் சத்தத்துக்கும் இடம் விட்டுத்தான் வாசித்தார். பாலு மகேந்திரா ‘வீடு’க்கு அடுத்து எடுத்த ‘சந்தியா ராகம்’ படத்துக்கும் அவரே இசை. நம் விவாதங்களில் இவர் பெயர் இத்தனை தாமதமாக வருவது எனக்கு வருத்தமே.

ஆனால் ‘கொட்டுக்காளி’யைப் பற்றி ஒரு வார்த்தை. இசை இல்லாததால் பார்ப்பவரே முடிவெடுக்கிறார் என்கிறீர்கள். ஆட்டோவின் இரைச்சலை எவ்வளவு உயர்த்துவது, சேவலின் குரலை எப்போது விடுவது, பெண்ணின் மௌனத்துக்கு முன் ஆண்களின் பேச்சை எங்கே வெட்டுவது என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார் அல்லவா? வயலினால் செய்வதை எஞ்சினால் செய்கிறார்கள். வழிநடத்துதல் ஒழியவில்லை, கருவி மாறியிருக்கிறது.

கலவைமேசை எழுதியது:

மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறோம் என்பது உண்மைதான். அளவில்தான் வேறுபாடு. வயலினை எந்தச் சுரத்திலும் எந்த நொடியிலும் வாசிக்கச் சொல்லலாம். எஞ்சினை வண்டி ஓடும்போது மட்டுமே கேட்க வைக்க முடியும். நின்ற வண்டி இரைந்தால் சிறுபிள்ளையும் சிரித்துவிடும். படத்தில் இருப்பதோடு கட்டுண்டு கிடப்பதால் அந்த ஒலி பொய் சொல்லும் வாய்ப்பு குறைவு.

கடைசிவரிசை எழுதியது:

நாதப்பிரியன் எழுப்பிய கேள்விக்குக் கலவைமேசை அளித்த பதிலைவிடத் தெளிவாக நான் எழுதியிருக்க முடியாது. ஆனால் எஞ்சினையும் வயலினையும் ஒரே தட்டில் வைப்பதை இன்னும் ஏற்க மனம் வரவில்லை. அந்த ஆட்டோ அதில் உட்கார்ந்திருக்கும் மீனா மகிழ்ச்சியாக இருந்தாலும் அதே போலத்தான் இரைந்திருக்கும். அவள் துயரத்தைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது. பின்னணி வயலினுக்கு அவளைப் பற்றி எப்போதும் ஒரு கருத்து இருக்கிறது, அதை நம்மிடம் சொல்லாமல் அது இருப்பதில்லை. அந்தக் கருத்து ‘மௌன ராகம்’ படத்தில் போல நுட்பமாக இருந்தால் நான் காதைக் கொடுக்கத் தயார். பெரும்பாலான படங்களில் அது எனக்கு முன்பே தெரிந்த கருத்தாக இருப்பதுதான் சங்கடம்.

‘சந்தியா ராகம்’ படத்தை இந்தக் காதோடு நான் இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன். எல். வைத்தியநாதனுக்கென்று நாதப்பிரியன் தனி இழை தொடங்கினால் ‘பேசும் படம்’ பற்றிய பேச்சை அங்கே தொடரலாம்.